ரோஷ்வியெல் மேட்டில் இறங்காமல்

1972 அக்டோபர் 29, ஞாயிறு. வானம் மூட்டம், மழை இல்லை.
காலை 9.00: லாவெர்ன் ஊர்ச் சதுக்கத்திலிருந்து சைக்கிள் கழகத்தார் பதினொரு பேர் புறப்பாடு.
10.20: ரோஷ்வியெல் மலைமேட்டின் அடிவாரம்.
10.55: மேட்டின் உச்சியில் உள்ள மாதா கோயிலுக்குச் சற்று முன்னால் நான் சைக்கிளிலிருந்து இறங்கினேன். பின்னால் வந்த செயலாளர் முசியே பெர்தியே என்மீது மோதினார். அவருக்குப் பின்னால் வந்த இருவர் அவர்மீது மோதினர். காயம் இல்லை. முட்டைக்கோஸ் ஒன்று சேதம்.
பிற்பகல் 2.05: இரண்டாம் முயற்சி.

காஞ்சிபுரத்தில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. இந்தப் பிரெஞ்சு நாட்டில், அதிலும் நான் லாவெர்னில் குடியிருந்து கணிதம் கற்பிக்கும் இந்த ஒவெர்ஞ் மலைப்பகுதியில், சைக்கிள் என்பது எங்கேனும் போய்ச்சேருவதற்கான வாகனம் அன்று. ஞாயிறு காலை புறப்படுவார்கள். மூன்று மலை ஏறி இறங்கி, புறப்பட்ட சதுக்கத்துக்கே திரும்புவார்கள். வந்த புதிதில் முசியே பெர்தியேயிடம், "அந்த ஊரில் உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; எதையும் இருமுறை யோசித்துச் சொல்பவர். "வேலை ஒன்றுமில்லை. அங்கே ஒரு மேடு இருக்கிறது" என்றார். நான் பிறந்த திருப்பருத்திக்குன்றத்தில் பெயரில் மட்டுமே குன்றம் உண்டு, தரையில் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் மேடு என்றால் பாலாற்றுப் பாலத்தில் ஏறும் இடம்தான். அங்கேயும் நாங்கள் எதிர்காற்றைத்தான் குறை சொல்வோம்.

ரோஷ்வியெல் மேடு நான்கு கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து உச்சியில் இருக்கும் காபிக்கடை வரை தரையில் கால் ஊன்றாமல் ஏறியவர் மட்டுமே, அந்தக் கடையில் வைத்திருக்கும் நோட்டில் கையெழுத்திடலாம். ஏறாதவருக்கு நோட்டைத் திறந்துகூடக் காட்டமாட்டார்கள். என் மனைவி ராஜமதி சென்ற ஆண்டு செப்டம்பரில் ஏறினாள், கையெழுத்திட்டாள். தனக்குக் கீழே ஒரு வரியை விட்டுவைக்கும்படி முசியே பெர்தியேயிடம் சொன்னாள். விதியில் அதற்கு இடமில்லை என்றார் அவர். "அவர் வருவாரு. லேட்டாத்தான் வருவாரு" என்று இவள் தமிழிலேயே சொன்னாளாம். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் வரியை விட்டுவைத்தார். பிப்ரவரியில் ராஜமதி இறந்தாள். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. நோட்டு நிரம்பிவிட்டது. அக்டோபர் கடைசி ஞாயிறோடு கையெழுத்து நின்றுவிடும். அதற்கடுத்த சனிக்கிழமை அது கழகத்தின் அலமாரிக்குள் போய்ப் பூட்டப்படும். ஆகவே அந்த வரி எனக்கு இருந்தது இந்த ஒரு நாள் மட்டுமே.

ஐம்பத்தாறு வயதானாலும் என் கால்கள் அந்த மேட்டுக்குப் போதும். தடையாக இருந்தது என் வளர்ப்பு. எங்கள் ஊரில் சைக்கிள் விடக் கற்பவன் முதலில் கற்பது இறங்குவதை. எதிரே ஆசிரியர் வந்தால் இறங்க வேண்டும். உறவில் பெரியவர் வந்தால் இறங்க வேண்டும். முன்பின் தெரியாதவரானாலும் தலை முழுக்க நரைத்திருந்தால் இறங்குவது உத்தமம். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து நான் பாடம் நடத்திய கல்லூரிக்குப் போகும் வழியில் பிள்ளையார்பாளையம். அங்கே காலையில் தெருநீளத்துக்குப் பட்டுப் பாவு நூலை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதற்கும் இறங்கி ஓரமாக உருட்டிக்கொண்டு போக வேண்டும். பாவுக்குக் கஞ்சி போடும் நெசவாளர் ஒருவர் என்னைத் தினமும் விசாரிப்பார்: "இன்னா சார், சைக்கிளு உங்கள இட்டுக்கினு போகுதா, நீங்க அத்த இட்டுக்கினு போறீங்களா?" கோயில்களோடு மட்டும் எனக்கு ஓர் உடன்பாடு இருந்தது. நாங்கள் சமணர், ஆனாலும் வழியில் இருக்கும் எந்தக் கோயிலையும் உட்கார்ந்தபடி கடந்ததில்லை. இறங்குவதற்குப் பதில் இருக்கையை விட்டு எழுந்து, மிதியில் நின்றபடி கன்னத்தில் போட்டுக்கொள்வேன். தெய்வங்கள் அதை ஏற்றுக்கொண்டன. பெரியவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை.

திருமணமான புதிதில் ராஜமதி என் பின்னால் கேரியரில் உட்கார்ந்து வருவாள். நான் இறங்கும்போதெல்லாம் அவளும் குதித்து இறங்க வேண்டும். பெரிய காஞ்சிபுரம் போய்த் திரும்புவதற்குள் பாதி தூரம் நடந்திருப்பாள். "உங்ககூட சைக்கிள்ல வர்றதுக்கு, செருப்பு கடைக்காரன கட்டிக்கினு இருக்கலாம்" என்பாள். இந்நாட்டுக்கு வந்தபின், நாற்பத்தெட்டு வயதில், தானே சைக்கிள் கற்றாள். குளிருக்கும் சங்கிலிக்கும் பயந்து முழுக்கால்சட்டை அணிவாள். அதன்மேல் சேலை கட்டி, ஆறு கிளிப்புகள் போட்டுக்கொள்வாள். எதிரே வரும் கிழவர்களுக்கு அவள் இறங்கியதில்லை. மணியடித்து வழிவிடச் சொன்னாள். ரோஷ்வியெல் மேட்டில் நான் மூன்று முறை இறங்கியபோது திரும்பிப் பார்த்துக் கத்தினாள்: "இங்க யாருங்க உங்களுக்கு மாமனாரு? நீங்க கும்புட்டுக்கினே வாங்க, நான் மேல போய் உக்காந்துக்கினு இருக்கறேன்!"

இனி முட்டைக்கோஸ். கடைசி வளைவில் மதாம் ஒதெத் எதிரே வந்தார். அவருக்குத் தொண்ணூறு வயது. ரோஷ்வியெல் பள்ளியில் மூன்று தலைமுறைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். கையில் முட்டைக்கோஸ். ஆசிரியர், நரை, தொண்ணூறு வயது: எனக்கு வேறு வழி இருக்கவில்லை. நான் இறங்கினேன், மற்றவை முதலிலேயே பதிவாகியுள்ளன. மதாம் ஒதெத் எனக்கு மூச்சு அடைத்துவிட்டதாக நினைத்தார். "ஏறுங்க முசியே, ஏறுங்க! நான் தள்ளிவிடறேன்! அலே, அலே!" என்று என் இருக்கையின் பின்புறம் கை வைத்துத் தள்ளத் தொடங்கினார். முசியே பெர்தியே சாலையோரப் புல்லில் உட்கார்ந்தபடியே விசிலடித்தார். "கால் ஊன்றியது ஒன்று. பிறர் தள்ளியது இரண்டு."

ஏன் இறங்கினேன் என்று கேட்டார். விளக்கினேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாப் பெரியவர்களுக்குமா?"

"பார்க்கிற எல்லோருக்கும்."

"அவர்கள் உங்களைப் பார்க்காவிட்டால்?"

இதை நான் யோசித்ததில்லை. எதிரே வருபவர் நம்மைக் கண்டும் நாம் உட்கார்ந்திருந்தால்தான் அவமதிப்பு. முதுகு காட்டி நிற்பவருக்காக எங்கள் ஊரிலும் யாரும் இறங்குவதில்லை. அதைச் சொன்னேன். "பகல் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்ப ஏறுங்கள்" என்றார். விதியில் ஒருநாளில் இத்தனை முயற்சி என்ற வரம்பு இல்லை என்பதையும் நோட்டைப் பார்க்காமலே சொன்னார். தாம் மட்டும் ஊருக்குள் போனார்.

இரண்டு மணிக்கு மேல் தனியாக ஏறினேன். கடைசி வளைவைத் திரும்பியபோது ரோஷ்வியெல் ஊரின் முதியவர்கள் அனைவரும் தெருவில் இருந்தனர், ஒன்பது பேர். அனைவரும் சுவரைப் பார்த்து நின்றனர். மதாம் ஒதெத் முதலாவதாக, சேதமான முட்டைக்கோஸை அணைத்தபடி, பள்ளியில் தண்டனை பெற்ற குழந்தைபோல் நின்றார். எங்கள் தெருவில் பெரியவர்கள் இப்படி முதுகைக் காட்டினால் அந்தக் குடும்பத்தோடு கொடுக்கல் வாங்கல் இல்லை என்று பொருள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஆகப்பெரிய மரியாதை இதுவாக இருந்தது. முசியே காஸ்தோன் என்ற பெரியவருக்கு மட்டும் காது கேட்காது. மற்றவர்கள் சுவரில் எதைப் பார்க்கிறார்கள் என்று வியந்து, அங்கே ஒன்றும் இல்லாததால் தெருப்பக்கம் திரும்பினார், என்னைக் கண்டார், தொப்பியை உயர்த்தி "போன்ழூர்!" என்றார். என் வலது கால் மிதியை விட்டு எழுந்துவிட்டது. அந்தக் கணத்தில் மதாம் ஒதெத், தாம் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, அவர் தலையைப் பிடித்துச் சுவரின் பக்கம் திருப்பினார். "சுவத்த பாரு காஸ்தோன்! பெரியவனா லட்சணமா நில்லு!" கால் மீண்டும் மிதிக்கு வந்தது. எஞ்சியது மாதா கோயில். எழுந்து, மிதியில் நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். செங்குத்தான இடத்தை அப்படி நின்று மிதித்துத்தான் ஏற வேண்டும் என்று கழகத்தார் எனக்கு ஐந்து ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள்.

காபிக்கடையில் முசியே பெர்தியே நோட்டைத் திறந்து, கண்ணாடி அணிந்து, பக்கத்தைக் கண்டுபிடித்து, என் பக்கம் திருப்பிவைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

ஒவ்வொரு வரியிலும் மூன்று கட்டங்கள்: தேதி, பெயர், ஊர். அவள் தமிழில் எழுதியிருந்தாள். எழுத்து எப்போதும்போல் வலப்பக்கம் சற்று ஏறிப்போயிருந்தது. ராஜமதி. ஊர்: லாவெர்ன். நான் மீண்டும் படித்தேன். எட்டு ஆண்டுகளாக இந்த ஊரில் தயிர் உறையவில்லை, வெயில் சுடவில்லை, மனிதர்கள் வீட்டுக்குள் கூப்பிடுவதில்லை என்று என்னிடம் நாள்தோறும் சொன்னவள் அவள். அவளுக்காகத்தான் ஊர் திரும்ப முடிவு செய்தேன். அவள் இறந்த பிறகும், அவள் விரும்பியது என்பதாலேயே, டிசம்பரில் வந்துவிடுவதாக அவள் தம்பிக்கு எழுதினேன். திருப்பருத்திக்குன்றத்தில் அவன் எனக்காக ஓர் அறைக்குச் சுண்ணாம்பும் அடித்துவிட்டான். அவளைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தேதி எழுதினேன். பெயர் எழுதினேன். பேனாவை மூன்றாவது கட்டத்தின்மேல் வைத்தேன். அங்கே ஒரு மைப்புள்ளி விழுந்தது. அவ்வளவுதான்.

முசியே பெர்தியே வந்து பார்த்தார். "ஊர்?"

"பிறகு எழுதுகிறேன்."

"பிறகு என்று ஒரு ஊர் இல்லை" என்றார். பின்னர், விதியில் இல்லாத இன்னொன்றையும் செய்தார்: மை காயட்டும் என்று நோட்டை மூடாமலே விட்டார்.

செய்யாமல் நிற்பவை:

மைத்துனன் கடிதம், எந்தக் கப்பலில் வருகிறேன் என்று கேட்டிருக்கிறான்.

மதாம் ஒதெத்துக்கு ஒரு முட்டைக்கோஸ் வாங்கிக் கொடுப்பது. நடந்துபோய்.

ராஜமதியின் சைக்கிள், முன்சக்கரத்தில் காற்று இல்லை.

மூன்றாவது கட்டம். சனிக்கிழமைக்குள்.