மதனியின் "வாறன்"

ஒரு காலில் சப்பாத்து, மறு கால் வெறுங்கால், வாயில் பாதிப் பாண் துண்டு, கண் மட்டும் பிரிட்ஜ் கதவில். அந்தக் கதவில் இதயத்தின் படம் ஒட்டியிருக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடியில் பூவின் பாகங்கள். குளியலறைக் கதவில், பொருத்தம் பார்த்துத்தானோ என்னவோ, சிறுநீரகம். "அம்மா, வாறன்!" என்று கத்திக்கொண்டு மதனி படியிறங்கி ஓடும்போது இரண்டாவது சப்பாத்து கையில்தான் இருக்கும்.

நான் அவர்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். அடுத்த வீட்டுக் கதையைத் துருவாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. தகப்பன் வரதராசா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகிக் கண்டிக்கு வந்த அரச உத்தியோகத்தர். மகள் உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் பிரிவு. மருத்துவத்தைத் தவிர வேறெதுவும் வேண்டாமாம். இரண்டு தடவை எழுதி மயிரிழையில் தவறிவிட்டது. இது மூன்றாவது ஷை, மூன்றாவது முயற்சி, அதாவது கடைசி.

வேறு பிள்ளையென்றால் அறைக்குள் அடைந்து கிடக்கும். இவளுக்குக் கிழமையில் இரண்டு பின்னேரம் பெட்மின்டன், வெள்ளிக்கிழமை கோயிலில் தேவாரம், யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் பலூன் கட்டும் வேலை. "உனக்கு எங்கடி நேரம்?" என்று கேட்டால், "மூளைக்கும் காத்து வேணுமெல்லோ அன்ரி" என்பாள். மட்டை உறைக்குள் பழைய வினாத்தாள்கள் சுருண்டிருக்கும். எதிரே ஆடுகிறவள் தண்ணீர் குடிக்கும் இடைவெளியில் ஒரு வினாவை முடித்துவிடுவாள். அட, இப்படியும் ஒரு பிறவியா என்று நான் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன்.

எதிரே ஆடுகிறவள் மதுஷா, நாவலப்பிட்டிக் கடைக்காரர் ராஜலிங்கத்தின் மகள். இருவரும் ஒன்றாகப் படித்து ஒன்றாகவே பரீட்சை எழுதியவர்கள். போன தடவை மதுஷாவுக்கு யாழ்ப்பாண மருத்துவபீடம் கிடைத்துவிட்டது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை கண்டியில் நிற்க, நாவலப்பிட்டிப் பிள்ளை யாழ்ப்பாணம் போகிறாள். கூத்தைப் பாருங்கள்!

போகுமுன் ஞாயிற்றுக்கிழமை மதுஷா வீட்டில் சின்ன விருந்து. மதுஷா கூப்பிட்டபோது மதனி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். "வாறன்" என்றாள், ஏறினாள், போனாள். ஞாயிறு முழுக்க வகுப்பில் இருந்தாள். அன்று மாலை கைபேசியை நீட்டிக்கொண்டு மாடிக்கு வந்தாள். மதுஷா அனுப்பிய குரல் பதிவு: "வர்றேன்னுதானே சொன்ன? கேக்க வெட்டாம வச்சிக்கிட்டு உக்காந்திருக்கோம்."

"போறன் எண்டு சொல்லக்கூடாதெல்லோ அன்ரி! அதுதான் வாறன் எண்டனான். வகுப்பு இருக்கெண்டு பிறகு மெசேஜ் போடுவமெண்டு நினைச்சு மறந்திட்டன். அவள் நான் பொறாமையிலதான் வரேல்லை எண்டு நினைக்கிறாள்."

"பொறாமை இல்லையா?" என்றேன். என் வாய் சும்மா இருக்காதே.

"கொஞ்சம் இருக்கு," என்றாள். கண் கலங்கிவிட்டது. "அதுக்காக அவளை விட்டிடுவனோ?" எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்தாள், மதுஷா பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை மதுஷாவுக்கு யாழ்ப்பாணம் பஸ். அதே காலையில் மதனிக்கு இரசாயனவியல் மாதிரிப் பரீட்சை. அதற்கென்றே மாதக்கணக்காக உருப்போட்டவள். "தனியப் போகப் பயமாயிருக்கு, நீங்களும் வாங்கோ" என்று என்னையும் குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ராஜலிங்கமும் மகளும் பஸ்ஸுக்குள் இருந்தார்கள். மதனி ஏறிப் போய்ப் பக்கத்தில் நின்றாள். நான் வெளியே யன்னலடியில் நின்றேன்.

"நீ வர மாட்டேன்னு எல்லாரும் கேலி பண்ணுனாங்க," என்றாள் மதுஷா, நிமிராமலே. "நான்தான் வருவா, வருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

பஸ் உறுமத் தொடங்கியது. "தங்கச்சி, இறங்கிறதெண்டால் இறங்குங்கோ," என்றார் கண்டக்டர்.

"பக்கத்தில, கட்டுகஸ்தோட்டையில நிப்பாட்டுவீங்களோ?" என்று கேட்டாள் மதனி.

"இது தூர பஸ். இனி மாத்தளையிலதான், ஒரு மணித்தியாலமாகும்."

ராஜலிங்கம் எழுந்து பின் இருக்கைக்குப் போனார். மதனி கைமணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு தோளிலிருந்த புத்தகப் பையைக் கழற்றி, யன்னலால் என் கையில் தந்துவிட்டு, மதுஷாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.