பெட்டிக்குள் விட்ட இடம்

கம்ப்யூட்டர் வாங்கப் போன எஹலியகொட டவுன் கடையில், எல்லார் முன்னாலும் என் வீட்டுக்காரரோடு சண்டை பிடித்தவள் நான்.

மகளின் படிப்புக்கு நான் பார்த்து வைத்திருந்தது, திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய மெல்லிய கம்ப்யூட்டர். தோட்டத்து வரிசை வீடுகளில் ஒற்றை அறையான எங்கள் லயத்துக் காம்பிராவுக்கு அதுதான் அளவு. அவரோ கடைக்காரரிடம் சிங்களத்தில் ஒரே கேள்விதான் கேட்டார்: பின்னால் இதில் ஏதாவது சேர்க்க முடியுமா? முடியாது என்றதும், மூலையில் இருந்த பெரிய கறுப்புப் பெட்டியைக் காட்டினார். அதில் மெமரி போட இன்னும் இரண்டு இடம் காலியாம்.

"இந்தப் பூதத்த எங்கங்க வைக்கிறது?" என்றேன்.

"வீட்டுக்குப் பின்னால ஒரு ரூம் சேத்துக் கட்டத்தான் தோட்டத்து நிர்வாகத்துல விட மாட்டேங்கிறாங்க. இதுலயாவது பின்னாடி சேத்துக்க எடம் இருக்கட்டும் புள்ள."

மேசையும் பெட்டியும் வந்ததும் அவர் படுக்க இடமில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு வாசல் பக்கத்துத் தாழ்வாரமான இஸ்தோப்புக்குப் போய்விட்டார்.

"பெட்டிக்குள்ள போய்ப் படுங்க, அங்கதான் எடம் இருக்கே" என்று குத்திக் காட்டினேன். அவர் சிரித்தார்.

போன மழைக்காலத்துக்கு முன், ரப்பர் மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அப்படியே போய்விட்டார்.

போன வாரம் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகவே, மகள் ஒரு மெமரி வாங்கி வந்து, பெட்டியைத் திறந்து, தானே பொருத்தினாள்.

"எவ்வளவு வேகமா ஓடுது பாருங்கம்மா! புதுசு வாங்கத் தேவையில்ல. அப்பா சொன்னது சரிதான்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். தூசிக்கு நடுவே இன்னும் ஓர் இடம் காலியாக இருந்தது.

இடம் போதாது என்று தினமும் புலம்பிய நான், இஸ்தோப்பில் அவர் பாய் விரித்த இடத்தில் இன்றுவரை எதையும் வைக்கவில்லை.