கற்பூரத்த அணைச்சிட்டுப் பாட்டப் போடு!

அத ஏன் கேக்குற செல்வி, எனக்கு சாமி வந்துடுச்சின்னு சொல்லிட்டாங்கடி! நான் சொல்லச் சொல்ல, நீ போடப்போற புத்தகத்துக்கு எழுதிக்கினே வா.

கல்வராயன் மலை மேல வெட்டவெளியில பாட்டுக் கச்சேரின்னு மருமவ கூப்டா. கள்ளக்குறிச்சியிலேர்ந்து வேன்ல போனோம். வளைவுக்கு வளைவு வயித்தப் பெரட்டுச்சி, அத வுடு. மேல போனா ஜில்லுனு காத்து, புல்லு மேல அத்தினி சனம். மேடையில மேளம் அடிச்சாங்க பாரு, சத்தம் மலையில மோதித் திரும்பி வந்து நெஞ்சிலயே வுழுவுது. அப்புறம் காலு சும்மா நிக்குமா? கொண்டை அவுந்தது கூடத் தெரியாம ஆடிக்கினு இருந்தேன்.

திடீர்னு பாட்டு நின்னுபோச்சி. சுத்தி இருக்கிறவங்க என்னப் பாத்துக் கையெடுத்துக் கும்புடுறாங்க! ஒரு பெரியவரு, "ஆத்தா, மலையேறும்மா"ன்னு எரியிற கற்பூரத்த என் நாக்குல வைக்க வந்துட்டாரு. நான் ரெண்டு அடி பின்னால போயிட்டேன்.

"மலையேறித்தான்யா வந்திருக்கேன், வேன்ல! சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல. பாட்டு புடிச்சிருக்கு, ஆடுறேன். கற்பூரத்த அணைச்சிட்டுப் பாட்டப் போடச் சொல்லு!"ன்னு கத்தினேன். சனம் சிரிச்ச சிரிப்புல மேளம் மறுபடி ஆரம்பிச்சிடுச்சி. மருமவளும் கூட வந்து ஆடினா.

வூட்டுக்கு வந்தா மவன், "இந்த வயசுல ஆட்டம் இன்னாத்துக்கும்மா? இனிமே போவாத"ன்றான். போவேன்! இப்பல்லாம் கொண்டையில நாலு ஊசி ஜாஸ்தியா குத்திக்கினு, பக்கத்துல நிக்கிறவங்க கிட்ட முன்னாடியே சொல்லிடுறேன்: "ஆடப்போறது சாமி இல்ல, நான்தான்."

ஐயோ, கொழாயில தண்ணி வந்துடுச்சி. தள்ளுடி, குடத்த எடுக்கணும்!