தமிழ் ஹெட்செட்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கொன்றும் நட்டமில்லை. மத்தேயுவை எனக்கு நன்றாகத் தெரியும். லுணுகலைப் பக்கம் ஊத்துமலைத் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் இராவேலை பார்க்கிற மனுஷன். பேயாவது பிசாசாவது என்று எங்களையெல்லாம் வாயடைக்க வைத்தவர்.

போன கார்த்திகை மழையில், விடியப்போகிற நேரம், ஊத்துமலையின் மேல் லயம், தொழிலாளர் வீட்டு வரிசை, அப்படியே சரிந்து மண்ணுக்குள் போனது. மத்தேயு ஃபெக்டரியில் இருந்தார். மகள் றொஷேல் பண்டாரவளையில் துணிக்கடை வேலை, அங்கேயே தங்கல். வீட்டில் இருந்தது மனைவி செசிலி மட்டும்தான். "அந்நேரம் அவ படுத்துதான் இருந்திருப்பா" என்று மத்தேயு சொன்னார். பெக்கோ மெஷின் வந்து, படுக்கிற அறை இருந்த இடத்தைத் தோண்டியது. கட்டில் வந்தது. கம்பளி வந்தது. செசிலி வரவில்லை. கடைசியில் தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

மனுஷன் அழவே இல்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார். வைக்காவிட்டால் கேட்க மாட்டார். ஃபாதர் வந்து பூசை வைக்கலாம் என்று சொன்னபோது மட்டும் வாயைத் திறந்தார். "பெட்டிக்குள்ள வைக்க ஆள் வேணும் ஃபாதர்." அவளை ஒரு குழியில் வைத்து மேலே சிலுவை நட வேண்டும். அதைத் தவிர உலகத்தில் அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

மாசியில் கொழும்பிலிருந்து ஓர் ஓவியக் கண்காட்சி பதுளைக்கு வந்தது. நடத்தியது, நாட்டுக்கே பொதுவான ஓவியங்களைக் காத்து வைத்திருக்கிற பெரிய கலைக்கூடம். பெயர் வேண்டாம், வம்பு எதற்கு? கொழும்புக்குப் போக முடியாத சனங்களுக்காக ஊர் ஊராகப் படங்களைக் கொண்டுவருவார்களாம். டிக்கட் கிடையாது. பிள்ளைகள் வரைந்து பழக மேசை போட்டிருப்பார்கள். பழுதான பழைய படங்களை எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்லித் தருவார்கள். ஹெட்செட்டைக் காதில் மாட்டினால், ஒவ்வொரு படத்தையும் பற்றி ஒரு குரல் விளக்கம் சொல்லும்.

"அப்பா, நம்ம லயத்த அந்தக் காலத்துல யாரோ வரைஞ்ச படம் ஒண்ணு இருக்காம். ஒருக்கா பாத்துட்டு வருவோம்" என்றாள் றொஷேல். வீட்டு நினைவுக்கு அவளிடம் ஒரு ஃபோட்டோகூட மிஞ்சவில்லை. மத்தேயு சட்டையைப் போட்டுக்கொண்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. நடு மத்தியானம், நல்ல வெயில். மண்டபத்துப் பொறுப்பாளன் தாஸிம் ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். "பாருங்க அங்கிள், எல்லாம் உங்க சாமான்தான். நாங்க சும்மா காவல்" என்று சிரித்துவிட்டுப் படியிறங்கினான்.

மேசைமேல் கூடை நிறைய ஹெட்செட். சிங்களம், இங்கிலீஷ் என்று சீட்டு ஒட்டியிருந்தது. தமிழ்ச் சீட்டு ஒட்டியது ஒன்றே ஒன்றுதான். அதை மத்தேயு எடுத்தார். றொஷேல் சிங்களத்தை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள்.

காதில் வைத்ததும் பஞ்சு சில்லென்று இருந்தது. ஈரம். யாரோ கை கழுவிவிட்டுத் துடைக்காமல் தொட்டிருப்பார்கள் என்று நினைத்தார்.

அந்தப் படம் கடைசிச் சுவரில் இருந்தது. மேல் லயமேதான். தகரக் கூரை, தண்ணீர்ப் பீலி, அதன் பக்கத்தில் சின்னக் கொய்யாக் கன்று.

கிர்ர்ர்... என்று ஒரு சத்தம். பிறகு ஒரு பெண்குரல்.

"இது ஊத்துமலைத் தோட்டத்து மேல் லயம். இடது பக்கம் பீலி இருக்கு. பக்கத்துல கொய்யா."

பரவாயில்லை, நம்ம ஊர்ப் பேச்சிலேயே பதிந்திருக்கிறார்கள் என்று நினைத்தார்.

"படத்துல கன்னுதான். எங்க காலத்துல பெரிய மரம். நிறையக் காய்க்கும்."

எங்க காலத்துலயா?

குரல் இருமியது. இரண்டு தரம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டது.

அந்தச் செருமலை அவருக்குத் தெரியும்.

"கோழிக்கூட்டுக்குள்ள தண்ணி ஏறிருச்சு. தொறந்துவிடப் போனேன்..."

மத்தேயு ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

"இந்தாங்க, றொஷேலு அப்பா..."

மூச்சு.

"ரூம்புலயே தோண்டுனீங்களே... நான் அங்க இல்ல."

மூச்சு இல்லை.

"கொய்யா சாஞ்சு கெடக்கு பாருங்க. அதுக்குக் கீழ தகரம். அதுக்குக் கீழ..."

டக்.

ஹெட்செட்டைக் கழற்றிக் கூடையில் வைத்தார். றொஷேலின் தோளைத் தொட்டார்.

"லுணுகலை பஸ்ஸுக்குப் போவோம்."

"ஏம்பா? இப்பத்தானே வந்தோம்!"

"அம்மா இடம் சொல்லிட்டா."

அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே அந்தப் பிள்ளை நினைத்தாளாம், பாவம். தோட்டத்தில் இறங்கியதும் பக்கத்து லயத்து அழகர் மம்பட்டியோடு கூட வந்தார். படுக்கையறைக்கு எதிர்ப்பக்கம், பள்ளத்தில், கொய்யா மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. அதன் கீழே கோழிக்கூட்டுத் தகரம்.

தகரத்துக்குக் கீழே செசிலி இருந்தாள். கூட்டின் கொண்டி அவள் கைக்குள் இருந்தது.

பொலிஸ் வந்து எல்லாம் முடிந்தபின் பெட்டி வந்தது, ஃபாதர் வந்தார், சிலுவையும் நட்டார்கள். அப்போதும் மத்தேயு அழவில்லை.

கண்காட்சி முடிவதற்குள் ஒரு தடவை அந்தக் குரலைக் கேட்டுவிட வேண்டும் என்று மறுபடி பதுளைக்குப் போனார். இந்த முறை தாஸிம் மேசையில் இருந்தான்.

"தம்பி, அந்தத் தமிழ் ஹெட்செட்டக் குடுங்க."

தாஸிம் சங்கடமாக நெளிந்தான். "அங்கிள், தமிழ் இன்னும் பதியவே இல்ல. குரல் குடுக்கிற மிஸ்ஸுக்கு ரோடு சரிஞ்சு வர ஏலாமப் போச்சு. சீட்டு மட்டும்தான் ஒட்டியிருக்கோம்." பின்மூடியைத் திறந்து காட்டினான். "பாருங்க, பெட்டரிகூடப் போடல."

மத்தேயு வாங்கிக் காதில் வைத்தார். அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றார். நின்றார்... நின்றுகொண்டே இருந்தார்.

ஒன்றும் கேட்கவில்லை. ஒரு செருமல்கூட இல்லை.

அப்போதுதான் அழுதார். கார்த்திகையிலிருந்து அடைத்துக் கிடந்ததெல்லாம் அந்த மண்டபத்தில் உடைத்துக்கொண்டு வந்தது. தாஸிம் ஓடிவந்து தாங்கிப் பிடித்தான்.

"அங்கிள்..." அவன் குரல் இறங்கிவிட்டது. "தமிழ்ல நல்லாச் சொல்லுதுன்னு இதுக்கு முந்தியும் கொஞ்சப் பேர் சொல்லிட்டுப் போனாங்க. மரியாதைக்குச் சொல்றாங்கன்னு விட்டுட்டேன். இப்ப யோசிச்சா... எல்லாரும் மண் சரிஞ்ச தோட்டத்து ஆளுங்க."

பின்னால் யாரோ அவர் சட்டையை இழுத்தார்கள். அங்கம்மா என்று ஒரு கிழவி, பசறைப் பக்கத்துத் தோட்டம். கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"கேட்டு முடிச்சிட்டீங்கன்னா குடுங்கய்யா. என் பேரன் நேத்து பேச்சப் பாதியிலயே நிறுத்திப்புட்டான்."