தையலில் தவறியவள்

காக்ஸ் டவுனில் நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வருஷம் ஒருமுறை இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வருவார். யார் அடுத்த வகுப்புக்குப் போகலாம் என்பதை அவர்தான் முடிவு செய்வார். கணக்கு, வாசிப்பு, எழுத்து மூன்றையும் நேரில் சோதிப்பார். தையலுக்கு மட்டும், முன்பே தைத்த மாதிரித் துணியில் அவரவர் பெயர்ச் சீட்டைக் குத்தி மேஜையில் வைத்துவிடுவோம். நாலாம் வகுப்புக்கு உரியது காஜா: பொத்தான் நுழையும் துளையின் விளிம்பை நூலால் நெருக்கமாகக் கட்ட வேண்டும்.

நான் நாலாம் வகுப்பில் இருந்த அந்த வருஷம் தேறினால் மேல்பள்ளியில் சேர்ப்பதாக அப்பா சொல்லியிருந்தார். தவறினால் வீடுதான். அக்காவுக்கு அப்படித்தான் ஆயிற்று.

பிரித்துப் பிரித்துத் தைத்தேன். டீச்சர் என் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "டெய்லர் கெட்டான் போ" என்றார். அவர் தோளில் புடவைக்குக் குத்தும் அலங்கார ஊசியைப் போலவே எனக்கும் ஒன்று வேண்டும் என்று அம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்த காலம் அது.

பரீட்சையன்று காலை, என் பெயர்ச் சீட்டு வேறொரு துணியில் இருந்தது. நூல் தொங்கி, அழுக்கேறிய காஜா. என் துணியில் பக்கத்து இடத்துப் பெண்ணின் சீட்டு. தவறுதலாக மாறிவிட்டது என்று நினைத்துக் கையை நீட்டினேன். டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடுடி. உனக்குக் கணக்குலயே மார்க் கொட்டிக் கிடக்கு. அவளுக்கு இது ஒண்ணுதான் கதி. மொத்தத்தப் பாத்துத்தான் பாஸ் போடுவாங்க. ரெண்டு பேரும் தேறிடுவீங்க."

போன வருஷம்வரை அதுதான் வழக்கம். நம்பினேன்.

அன்று வந்த இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா புதியவர். ஒவ்வொரு பாடத்திலும் தனித்தனியாகத் தேற வேண்டும் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். என் சீட்டு இருந்த துணியைத் தூக்கிக் காட்டி, "இது நீ செஞ்சதா?" என்று கேட்டார். நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் சொன்னால் ஒரு நொடியில் சரியாகிவிடும்.

"ஆமாங்கம்மா. மத்ததுல கெட்டி. இவளுக்குத் தையல் மட்டும் கொஞ்சம் மட்டம்" என்றார் டீச்சர்.

மாலையில் அப்பா, "தையல்லயா போச்சு?" என்றார். கோபிக்கவில்லை. "சரி, வீட்ல அம்மாகிட்டக் கத்துக்கோ."

அடுத்த பரீட்சை நெருங்கியபோது டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் புது வெள்ளைத் துணி. அதை என் முன்னால் வைத்தார். அம்மா காப்பி கொடுத்தாள்.

"வீட்ல சும்மாதானே இருக்கா? அஞ்சாறு காஜா போட்டுக் குடுத்தான்னா புள்ளைங்களுக்கு உதவியா இருக்கும்."

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. "இவளா? தையல்லதானே டீச்சர் பெயிலானா?" என்று சிரித்தாள்.

டீச்சர் குனிந்து காப்பியை ஆற்றினார். மடிப்புக் கலையாமல் துணியை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.