தாயம்மாள் கல்லில் வறுத்த சங்கரா

தாயம்மாளுக்குக் கனவு காணத் தூக்கம் வேண்டியதில்லை. தோசைக்கல்லில் எண்ணெய் காய்ந்து, சங்கரா மீனைப் பரப்பி வைத்தால் போதும். புகை எழும், புகைக்கு அந்தப் பக்கம் கடல் அசையும், கரண்டியைப் பிடித்தபடியே இவள் எங்கோ போய்விடுவாள். திருவொற்றியூர்க் கடற்கரைச் சாலையில், மீனவர் குப்பத்துக்கு முன்னால் அவள் கடை. சாயங்காலம் ஷிப்டு விட்டு வருகிற ஆலைக்காரர்கள், "அக்கா, தீயுதுக்கா!" என்று கத்துவார்கள். "தீயட்டும், உனுக்கு அப்டித்தானே புடிக்கும்" என்பாள். ஆனால் ஒரு மீனையும் அவள் தீயவிட்டதில்லை.

அந்த அடுப்பு அவளுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. இரண்டாயிரமாவது வருஷம் பிறப்பதற்கு முன்னாலெல்லாம் எறா கம்பெனியில் இறாலுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். பொழுதுக்கும் ஐஸ் தண்ணீரில் கை. விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கி மரத்துப்போகும். வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தொட்டால் பிள்ளை வீரிடும். கொதிக்கிற சோற்றைப் பிசைந்தாலும் சூடு உறைக்காது. "இது என் கையா, செத்தவ கையா?" என்று புருஷன் சின்னப்பையனிடம் அழுதிருக்கிறாள். அவளுக்குக் கடை என்றால் வியாபாரம் அப்புறம், முதலில் சூடு. கடை படுத்தால் மறுபடி காலையில் ஆள் அள்ளிப்போகிற கம்பெனி வேன்தான், வேறு போக்கு கிடையாது.

முதலில் அந்தச் சாலையில் அவள் ஒருத்திதான். சொன்னதுதான் விலை. காசு புரள்கிற இடத்துக்கு ஆள் வராமல் இருப்பார்களா? பக்கத்தில் ஜன்னத் எறா வடை போட்டாள். ஒருத்தி நெத்திலி வறுத்தாள். சங்கராவே வறுக்கவும் ஆள் வந்தது. ஆனாலும் தாயம்மாள் கல்லுக்கென்று ஒரு கூட்டம் நின்றது. மற்றவர்கள் எலுமிச்சம்பழம் பிழிவார்கள். இவள் புளிப்பு மாங்காயை மிளகாயோடு அரைத்துப் பூசுவாள். அந்த ருசிக்குப் பழகின நாக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்கும். இரண்டு ரூபாய் கேட்டால், "போக்கா" என்று எறா வடைக்குப் போய்விடும். அந்த ஒரு ரூபாய் தூரத்துக்குத்தான் அவள் ராணி.

மீன் எடுப்பதிலும் அவளுக்கு ஓர் அளவு உண்டு. வலையில் மீன் கூடுதலாக விழுந்த நாளில், கடலுக்குப் போய்வருகிற சின்னப்பையன் நச்சரிப்பான். "எல்லாத்தயும் வறு மே. கல்லு பாதி நேரம் சும்மாத்தானே கீது?"

"சும்மா கெடக்கட்டும். இன்னொரு கூடைய வறுத்தா வெலய எறக்குனாத்தான் போவும். புச்சா வர்றவனுக்கு மட்டுமா எறக்குவ? தெனம் வர்றவனுக்கும் எறக்கணும். அந்தக் கூடையால வர்றதவிட அதால போறது ஜாஸ்தி."

சொல்லிவிட்டு, கல்லைத் துடைத்து வைத்துவிட்டுக் கடலைப் பார்த்து உட்காருவாள். எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கிகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள் விழிக்கும். துறைமுகத்துக்குக் காத்திருக்கிற கப்பல்கள் தண்ணீரில் நிற்கின்றனவா, வானத்தில் நிற்கின்றனவா என்றே தெரியாது. மடியில் கிடக்கிற கை கதகதவென்று இருக்கும். ஆஹா, அந்த நேரம் அவளை யாரும் கூப்பிடக்கூடாது.

அப்புறம் வந்தாள் ரேகா. அவள் புருஷன் திலீப் வேலை பார்த்த ஆலையை இழுத்து மூடிவிட்டார்கள். பாவம்தான். ஆனால் வந்தவள் வேறு எதையாவது போடக்கூடாதா? தாயம்மாளுக்கு ஒட்டினாற்போல் அடுப்பை வைத்து, அதே சங்கரா, அதே மாங்காய், விலை மட்டும் ஒரு ரூபாய் கம்மி! வயிறு எரியாதா? நன்றாகவே எரிந்தது.

அந்த எரிச்சலில் தாயம்மாள் தன் அளவை மறந்தாள். ஒரு நாள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மீன் எடுத்து, விலையை ரேகாவுக்கும் கீழே இறக்கினாள். கூட்டம் அள்ளப்போகிறது என்று காத்திருந்தாள். அடக் கடவுளே! அந்தக் கடற்கரையில் மீன் விலை திடுதிப்பென்று இறங்கினால் ஒரே அர்த்தம்தான், ஐஸ் பெட்டியில் கிடந்த பழைய மீன். குப்பத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? பயம் வந்தால் எல்லாம் மறந்துபோகிறதே.

தினமும் வருகிற பட்டறைக்காரர் வல்லரசு தட்டை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். "இன்னா தாயம்மா, நேத்து மீனா?"

அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "சத்தியமா காலீல வந்த மீனு நைனா" என்றாள். அவர் நம்பின மாதிரி தலையாட்டிவிட்டு ஜன்னத்திடம் போனார். ரேகாவோ தன் பங்குக்கு இன்னும் இறக்கினாள். இரண்டு கல்லிலும் மீன் கேட்பாரற்றுக் கிடந்தது. குப்பத்துப் பூனைகளுக்குத்தான் கல்யாணச் சாப்பாடு.

தாயம்மாள் பழைய விலைக்கே திரும்பினாள், பழைய அளவுக்கே மீன் எடுத்தாள். ஆனால் விழுந்த சந்தேகம் லேசில் போகுமா? கையில் இருந்ததெல்லாம் கரைந்த பிறகு, ஒரு காலை கம்பெனி வேன் நிற்கிற முனைக்கு அவளே போய் நின்றாள். அங்கே ரேகாவும் நின்றிருந்தாள். வேனில் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது. கதவு திறந்ததும் உள்ளிருந்து ஐஸ் வாடை அடித்தது. தாயம்மாளுக்குக் கால் எழவில்லை. ரேகா ஏறிவிட்டாள்.

அன்று சாயங்காலம் பக்கத்து அடுப்பு எரியவில்லை. மலிவு மீன் போனதோடு சந்தேகமும் போயிற்று போல. ரேகாவின் ஆட்களும் மாங்காய் ருசியைத் தேடி இங்கேயே வந்தார்கள். வல்லரசுகூட வந்தார். கேட்ட விலைக்கு மீன் போயிற்று. இதற்குத்தானே தவம் கிடந்தாள்? சந்தோஷப்பட வேண்டியதுதானே? புகைக்குள் பார்த்தாள். கப்பலைக் காணோம், கடலைக் காணோம். ஐஸ் தொட்டிக்குள் ரேகாவின் கைதான் தெரிந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் வேன் வந்தது. இறங்கின ரேகா வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்து நின்றாள். வெளுத்துச் சுருங்கின இரண்டு கைகளையும் அடுப்போரம் நீட்டினாள்.

தாயம்மாள் பாதி வெந்த மீனோடு கல்லை அப்படியே தரையில் இறக்கினாள். தீ தடையில்லாமல் மேலே எழுந்தது.

"இன்னாக்கா, கல்ல எறக்கிட்ட?" என்று கூட்டம் சத்தம் போட்டது.

"வாய மூடிகினு கொஞ்ச நேரம் நில்லுங்கய்யா!" என்று அதட்டினாள். பிறகு ரேகாவிடம் மெதுவாகக் கேட்டாள். "சூடு தெரியுதா?"

"இல்லக்கா."

தாயம்மாள் அந்தக் கைகளை இழுத்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்தாள். "நாளிக்கு வேன் ஏறாத. உன் அடுப்ப மூட்டு. மாங்கா மீனு வோணாம், சுறாப்புட்டு போடு. இந்த ரோட்டுல அத்த யாரும் போடல."

"நான் போட்டா உன் ஆளுங்க கொறைவாங்களேக்கா?"

"கொறைவாங்க" என்றாள் தாயம்மாள். "நீ வெலய மட்டும் எறக்காத."

கைகளைத் தேய்ப்பதை அவள் நிறுத்தவில்லை.