வட்டம் போட்ட வரி

கனகவல்லி தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இயந்திர பாகங்களைச் சோதித்து வருகிறார். அளந்து பார்க்காமல் எழுதிய எண்ணைக் கண்டால் பென்சிலால் வட்டம் போடுவது அங்கே வழக்கம். தாம் வசிக்கும் நிக்டி குடியிருப்பின் சங்க அறையில் ஞாயிறுதோறும் அவர் நடத்தும் வாசிப்பு வகுப்பிலும் அதே வட்டம்தான். செய்தியோ விளம்பரமோ, ஆதாரம் இல்லாத வரிக்கு மாணவர்கள் வட்டம் போட வேண்டும்.

அந்த அறையை உடற்பயிற்சிக் கூடமாக்கலாமா என்று முடிவெடுக்க, ஒரு ஞாயிறு மாலை சங்கம் கூடவிருந்தது. வகுப்பைக் காப்பாற்ற கனகவல்லி ஒரு மனு எழுதினார். அன்று காலை வகுப்பில் அதன் பிரதிகளை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்.

கல்லூரி முதலாண்டு ஸ்நேஹா தயங்கித் தயங்கிப் பென்சிலை எடுத்தாள்.

"ஆன்ட்டி, எல்லாரும் இந்த வகுப்பை விரும்பறாங்கன்னு போட்டிருக்கீங்க. யாரைக் கேட்டீங்க?"

"தெரிஞ்ச விஷயம்தானேடி."

"அரே, போன வாரம் அந்த ஹேர் ஆயில் விளம்பரமும் இதையேதான் சொல்லுச்சு. அதுக்கு ரெண்டு வட்டம் போட்டீங்க!"

அறையே சிரித்தது. கனகவல்லியால் சிரிக்க முடியவில்லை. பென்சிலை வாங்கி, அந்த வரிக்குத் தாமே வட்டம் போட்டார்.

"சலோ, எழுந்திருங்க. நாற்பத்தெட்டு வீடு. சாயங்காலத்துக்குள்ள கேட்டுடணும்."

"வேண்டாம்னு சொன்னா?"

"அதையும் எழுது. காரணத்தோட."

கூட்டத்தில் கொடுத்த மனுவில் 'எல்லோரும்' இல்லை. வகுப்பு வேண்டும் என்றவை முப்பத்தொரு வீடுகள், வேண்டாம் என்றவை பன்னிரண்டு, பூட்டிக் கிடந்தவை ஐந்து என்று இருந்தது. தலைவர் அதை இரண்டு முறை படித்தார். ஞாயிறு காலை அறை வகுப்புக்கே என்று முடிவானது.